பதினொன்று புள்ளி இரண்டு

1

இந்தக் கதை என் அக்கா செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் முதல் வரைவை முடித்துவிட்டுத்தான் அவளிடம் காட்டினேன். காட்டிய பிறகு நடந்தவற்றுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் அவகாசம் இல்லை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, அதை எழுதுகிறவன். 'மூடியைத் திறக்கும் முன் இயந்திரம் முழுவதுமாக நின்றுவிட்டதா என்று பார்க்கவும்.' அந்த வரி என்னுடையது. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். யாரும் படிக்காததைப் பதினாறு வருடம் எழுதியவனுக்கு ஒரு வசதி உண்டு, எழுதும்போது கை நடுங்காது. அந்தத் தைரியத்தில்தான் இதையும் ஆரம்பித்தேன். இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. அதை ஒளிப்பதில் லாபமில்லை.

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'ஒரு சின்னஞ்சிறு புள்ளி ஒரு குடும்பத்தின் நிம்மதியை —'

நிறுத்திவிட்டேன். புள்ளி, குடும்பம், நிம்மதி என்று கிளம்புகிற ஆள் அடுத்த பத்தியில் நட்சத்திரங்களையும் புள்ளிகள் என்பான். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது.

இரண்டாவது: 'திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு அக்காவின் மேசையில் தொலைபேசி அடித்தது.' இது பரவாயில்லை. ஆனால் தொலைபேசியில் ஆரம்பிக்கிற கதை தொலைபேசியில்தான் போய் முடியும் என்று ஒரு சலிப்பு. (அப்படித்தான் முடியப்போகிறது என்று அப்போது தெரியாது.)

மூன்றாவது: 'அந்தத் தொழிலாளிக்குக் காது சரியில்லை என்று இணையப் பக்கம் சொன்னது; அது பொய்.' இதைத்தான் வைத்துக்கொண்டேன். இந்த வரியில் ஒரு மோசடி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாளும் ஓர் அக்காவும் தேவைப்பட்டார்கள்.

2

முதலில் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும். கையேடு எழுதுகிறவன்தான் விளக்குகிறேன், குழப்ப மாட்டேன்.

அக்காவுக்கு இணையப் பக்கம் செய்கிற வேலை. மொத்தம் ஆறு பேர் இருக்கிற அலுவலகம். ஜன்னலோரம் மேலாளருக்கு, சுவரோரம் மற்றவர்களுக்கு. ஒரு பரிசோதனை மையத்துக்காக அவள் ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். சரக்கு முனையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த மையம் வருடத்துக்கு ஒருமுறை காது சோதிக்கிறது. கிரேனும் ஃபோர்க்லிஃப்டும் ஓடுகிற இடத்தில் ஹாரன் காதில் விழாவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இருபது பேர், அது ஓர் அணி. ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டில் அணியின் எண், ஒரு புள்ளி, வரிசை எண். 1.12 என்றால் முதல் அணியில் பன்னிரண்டாவது ஆள். இரண்டு நாள் கழித்து அந்த எண்ணைப் பக்கத்தில் தட்டினால் 'தகுதி' என்று வரும், அல்லது 'மறுபரிசோதனை' என்று வரும். மறுபரிசோதனை வந்தவர் அது முடியும்வரை வேலைக்குப் போகக்கூடாது.

எல்லாருடைய முடிவும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மறைந்து கிடக்கும். தட்டிய எண்ணுக்குரிய வரியை மட்டும் தேடிப் பிடித்து வெளியே காட்ட வேண்டும். இதைத் தேடு என்று சொல்கிற குறிப்புக்குச் செலக்டர் என்று பெயர். இங்கேதான் புள்ளி தகராறு செய்கிறது. நமக்குப் புள்ளி வெறும் புள்ளி. செலக்டருக்கு அது ஓர் உத்தரவு: 'அடுத்து வருவது ஒரு வகையின் பெயர், அந்த வகையைச் சேர்ந்ததைத் தேடு.' 1.12-ஐத் தேட #சீட்டு-1.12 என்று எழுதினால் அது சீட்டு-1 என்பதோடு நிறுத்திக்கொண்டு, 12 என்ற வகையைத் தேடக் கிளம்பும். வகையின் பெயர் எண்ணில் ஆரம்பிக்கக்கூடாது என்று அதற்கு ஒரு சட்டம். உடனே முறைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும்.*

[* புள்ளி மட்டுமில்லை. முக்காற்புள்ளி, இடைவெளி, அடைப்புக்குறி எல்லாமே அதற்கு உத்தரவுதான். ஆனால் தமிழ் எழுத்துகளுக்கு ஒரு தடையும் இல்லை, அப்படியே உள்ளே போகலாம். அக்கா இதைச் சொன்னபோது எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.]

வழி இல்லாமல் இல்லை. புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும்: #சீட்டு-1\.12. 'இது உத்தரவு இல்லை, வெறும் புள்ளி, உள்ளதை உள்ளபடி படி' என்று அர்த்தம். எஸ்கேப் பண்ணுவது என்பார்கள். அக்கா போட்டாள். வேலை செய்யவில்லை. ஏனென்றால் அந்தக் குறிப்பு செலக்டராகப் போவதற்கு முன் நிரலுக்குள் ஒரு ஸ்ட்ரிங்காக, அதாவது மேற்கோள்குறிக்குள் அடைத்த எழுத்துச் சரமாக, இருக்கிறது. ஸ்ட்ரிங்குக்கும் பின்சாய்கோடு ஓர் உத்தரவு. போட்ட கோட்டை அது விழுங்கிவிட்டு வெறும் புள்ளியை அனுப்பியது. ஒன்று போய்ச் சேர இரண்டு போட வேண்டும். அதைவிட நல்லது, பிரவுசரே இதற்கென்று ஒரு ஃபங்ஷன், ஆயத்தமான ஒரு சின்ன நிரல்துண்டு, வைத்திருக்கிறது. அதனிடம் கொடுத்தால் எதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்து தந்துவிடும்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாதா என்றால், தெரியும். பதினோரு வருடமாக இதே வேலை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்தைக் கொடுத்தாக வேண்டும். மேலாளர் வேறு இரண்டு தடவை நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். எரிச்சலில் அவள் புள்ளியையே எடுத்துவிட்டாள். புள்ளி எங்கே வந்தாலும் நீக்கு என்று ஒரு வரி. 1.12 என்பது 112 ஆனது. பக்கம் வேலை செய்தது. ஒப்பேற்றியாயிற்று.

நீங்கள் கெட்டிக்காரர் என்றால் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். பத்து அணிவரை ஒரு குறையும் இல்லை. பதினோராவது அணி வந்தது. அதில் இரண்டாவது ஆளின் எண் 11.2. புள்ளியை எடுத்தால் அதுவும் 112. ஒரே அடையாளத்தில் இரண்டு வரி இருந்தால் செலக்டர் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆக, 11.2 தன் எண்ணைத் தட்டினால் 1.12-இன் காது வரும்.

3

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு அக்காவின் மேசையில் தொலைபேசி அடித்தது. (இரண்டாவது ஆரம்பத்தைத் தூக்கிப் போட்டது வீண்.) பக்கத்தில் கோளாறு என்றால் கூப்பிட வேண்டிய எண் என்று மையம் அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்குக் காது சரியில்லன்னு உங்க பக்கத்துல வருது," என்றார் ஒரு பெண்.

"டாக்டர் எழுதினதுதாங்க அதுல வரும்."

"பக்கத்து ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு எங்கம்மாகிட்ட இவரப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். வெளிய வந்தா ஒரு வார்த்த விடாம எல்லாத்தையும் திருப்பிச் சொல்லிக் காட்டறாரு. இவருக்கா காது கேக்கல?"

சீட்டு எண் கேட்டாள். 11.7. மையத்தின் பதிவேட்டில் 11.7 என்பதற்கு நேராகத் 'தகுதி' என்று இருந்தது. பக்கத்தில் தட்டினால் 'மறுபரிசோதனை'. நிரலைத் திறந்து பார்க்கவே இல்லையாம், எந்த வரி என்று தெரிந்துவிட்டதாம்.

மத்தியானத்துக்குள் புள்ளியைத் திரும்ப வைத்தாள், பிரவுசரின் ஃபங்ஷனைப் போட்டாள், முதல் அணியோடு மோதக்கூடிய 11.1 முதல் 11.9 வரை ஒன்பது பேரையும் எடுத்து ஒப்பிட்டாள். ஏழு பேர் தப்பித்தார்கள். அவர்களுடைய முடிவும் அவர்கள் பார்த்த முடிவும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு பேருக்கு மாறியிருந்தது.

11.7, ஐம்பத்து மூன்று வயது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். காது நன்றாக இருந்தும் ஒன்பது நாளாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

11.2, முப்பத்தெட்டு வயதுப் பெண். கிரேனுக்குக் கீழே நின்று, மேலே இருப்பவருக்குச் சைகை காட்டுகிறவர். தலைக்கு மேல் கன்டெய்னர் திரும்பும்போது ஹாரன் கேட்டு விலக வேண்டிய வேலை. மறுபரிசோதனை வர வேண்டியவருக்குத் 'தகுதி' வந்திருக்கிறது. ஒன்பது நாளாக அங்கே நின்றுகொண்டிருக்கிறார்.

ஓட்டுநருக்கு அக்கா உடனே பேசினாள். மனிதர் கோபப்படவில்லை.

"ஒம்பது நாளா வீட்ல எல்லாரும் எங்கிட்ட கத்திக் கத்திப் பேசறாங்க. நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

"உங்களுக்குக் காது கேக்குதுன்னு உங்களுக்கே தெரியலிங்களா?"

"கேக்குது. ஆனா கேக்கலன்னு போட்டிருக்கே."

மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றார். அடுத்து 11.2. எண்ணை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

"அந்தம்மா விஷயத்த நான் பாத்துக்கறேன். நீங்க பக்கத்தச் சரி பண்ணிட்டீங்கல்ல, போதும்," என்றார் அவர்.

"எனக்கு அது பெரிய நிம்மதியா இருந்துச்சுடா," என்று செவ்வாய்க்கிழமை என் சமையலறையில் நின்று சொன்னாள். நான் கழுவி வைத்த தட்டைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். என் கழுவல்மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அவள் கிளம்பியதும் நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

4

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள்.

நிஜ ஆட்களை எழுதும்போது யார் என்று தெரியக்கூடாது அல்லவா. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். வயது வேண்டாம். ஆணா பெண்ணா வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம், கிரேன் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு புருஷனைத் திட்டிய மனைவியை எடுக்க மனசே வரவில்லை. எடுத்தேன், திரும்ப வைத்தேன், திரும்ப எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது 'ஒரு தொழிலாளி', 'மற்றொரு தொழிலாளி'. நாலாவது பக்கம் வருவதற்குள் எந்தத் தொழிலாளி யார் என்று எனக்கே மறந்துவிட்டது.

இதற்கு என் தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிற இரண்டு பாகங்கள் படத்தில் வந்து வாசகரைக் குழப்பினால், ஒன்றைப் படத்திலிருந்து எடுத்துவிடுவோம். எடுத்துவிட்டேன். கதை உடனே தெளிந்துவிட்டது. அந்தத் தொழிலாளிக்குக் காது சரியில்லை என்று பக்கம் சொன்னது, அது பொய், நிரலாளர் கண்டுபிடித்தார், தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

'மறுமுனையில் மௌனம். பிறகு அந்தத் தொழிலாளி மெல்லச் சிரித்தார். "பரவால்லம்மா" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.'

(அக்கா கண்ணைத் துடைக்கவில்லை. அதை எழுதி முடித்த சந்தோஷத்தில் நான்தான் துடைத்துக்கொண்டேன். எவ்வளவு நல்ல மனிதர்கள், எவ்வளவு நல்ல எழுத்து என்று இருந்தது.)

[அக்காவின் கணவரை ஏன் கதையில் காணோம் என்று கேட்பவர்களுக்கு: அவரே கேட்டுக்கொண்டார். "எதுல வேணா எழுது மச்சான், என்னை மட்டும் விட்டுடு." விட்டுவிட்டேன்.]

5

நேற்று வெள்ளி. இன்று சனி. பதினொன்றரைக்கு அக்கா வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள். நான் டீ போட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவர்களுக்கு இந்தப் புத்தி போகாது.

"நல்லாருக்கு," என்றாள்.

அக்கா நல்லாருக்கு என்று மட்டும் சொன்னால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"சொல்லு."

"அந்தம்மா எங்கடா?"

"எந்தம்மா?"

"பதினொன்னு புள்ளி ரெண்டு."

"ரெண்டு பேரா இருந்தா கொழப்புது. ஒருத்தரா ஆக்கிட்டேன். இப்ப யாராலயும் யாருன்னு கண்டுபிடிக்க முடியாது பாரு."

அவள் தாள்களை மேசையில் வைத்தாள். ஓரங்களை ஒன்றாகத் தட்டிச் சரி செய்தாள். கோபம் வந்தால் அவள் பொருள்களை ஒழுங்குபடுத்துவாள்.

"நான் பண்ணதையே நீயும் பண்ணிருக்க."

"இது கதைக்கா."

"கதைதான். ரெண்டு பேரோட அடையாளத்தையும் எடுத்த, ஒருத்தராயிட்டாங்க. சரி. ஆனா யாரோட முடிவ வெச்ச? ஓட்டுநரோடத. நல்லபடியா முடிஞ்சத."

சப்பைக்கட்டு கட்ட ஏதாவது அகப்படுமா என்று பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும், இதைக் கதையில் சேர்க்கலாமே என்று ஒரு மூலையில் தோன்றியது. இதையும் எழுதிவைக்கிறேன்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நானும்தான்டா," என்றாள் பிறகு. "திங்கக்கெழமைலேர்ந்து அவங்கள நெனைக்கவே இல்ல. ஓட்டுநர்கிட்ட மன்னிப்புக் கேட்டேனா, அவர் பரவால்லன்னாரா, எல்லார்கிட்டயும் கேட்டு முடிச்ச மாதிரி ஆயிடுச்சு."

"மேலாளர் பாத்துக்கறேன்னாரே?"

அவள் அப்போதே மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. சனிக்கிழமையும் கூப்பிடுகிறார்களே என்ற குரல்.

"பாத்துட்டேனே. பேப்பர் ரிப்போர்ட் மையத்துலேர்ந்து தபால்ல போகுது. ரெண்டு வாரத்துல கைக்குக் கெடச்சிடும். சரியான முடிவு அதுல இருக்கு. நாமளா எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கணும்?"

"ரெண்டு வாரம் அவங்க கிரேனுக்குக் கீழ நிப்பாங்க சார்."

"இவ்வளவு நாள் நின்னாங்கல்ல?"

அக்கா இணைப்பைத் துண்டித்தாள். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துப் பதிவேட்டைத் திறந்து 11.2-இன் வரியை எனக்குக் காட்டினாள். வேலை நேரம், சனிக்கிழமை உட்பட மதியம் இரண்டு முதல் பத்து. கைபேசி எண். கடைசியில், காது சோதித்தவர் தன் கையால் சேர்த்த ஒரு குறிப்பு: 'இடது காது. அவருக்கே ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன். என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.'

அந்தக் குறிப்பை நான் இரண்டு தடவை படித்தேன். என் மூன்று நாள் வரைவில் இப்படி ஒரு வரி இல்லை.

மணி பன்னிரண்டே முக்கால்.

"முனையத்துக்கே ஃபோன் பண்ணிச் சொல்லிடேன்," என்றேன்.

"சொன்னா கேட்லயே நிறுத்திடுவாங்க. நாலு பேர் பாக்க, என்ன ஏதுன்னு தெரியாம நிப்பாங்க. மொதல்ல அவங்களுக்குத் தெரியணும். ஒன்றரை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள புடிக்க முடியலன்னா முனையத்துக்குப் பேசிடுவேன்."

6

அவள் எண்ணைக் கைபேசியில் போட்டுக்கொண்டிருந்தபோது என் மூளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அசிங்கம்தான். முடிவு தேடிக்கொண்டிருந்தது.

அ. அக்கா கூப்பிடுவதற்கு முன்பே முனையத்தில் கன்டெய்னர் — இல்லை. எழுதுவதற்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. ஆள் செத்தால் கதைக்குக் கனம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் இப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருப்பார். என் கதையின் கனத்துக்காக அவரைக் கொல்ல மாட்டேன்.

ஆ. அவர் அழுகிறார், அக்கா அழுகிறாள், இருவரும் சினேகிதிகள் ஆகிறார்கள். வருடங்கள் உருண்டோடி —

இ. 'பரவால்லம்மா.' இதை ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார்.

முடிவுதான் வரவில்லை, பேசுவதற்காவது எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு தாளில் நாலு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டாள். பாவம், வேறு வழியில்லை.

7

மூன்று தடவை முழுக்க அடித்து நின்றது. நாலாவது தடவை ஒன்று ஐந்துக்கு எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வணக்கம். காது பரிசோதனை முடிவு வர்ற இணையப் பக்கத்தோட அலுவலகத்துலேர்ந்து பேசறேன். தொழில்நுட்பக் கோளாறு காரணமா, நீங்க பார்த்த முடிவுல ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்க வாய்ப்பிருக்குன்னு தெரிய வந்திருக்கு. இதனால உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தறோம். மருத்துவரை அணுகுமாறு கேட்டுக்கறோம்."

என் நாலு வாக்கியமும் ஆயிற்று. பேச்சுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் வளைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"என்னது?" என்றது குரல். களைப்பான, மரியாதையான குரல்.

அக்கா தாளைப் பார்த்தாள். தாளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"உங்க காது டெஸ்ட் முடிவு தப்பா வந்துடுச்சுங்க. எங்க பக்கத்துல தப்பு. நீங்க மறுபடி டாக்டரப் பாக்கணும்."

"சரியா கேக்கல. பஸ்ல இருக்கேன்."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பேருந்துதான். ஆனால் பெரிய இரைச்சல் ஒன்றுமில்லை. யாரோ இருமியதுகூட எனக்குக் கேட்டது.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். தாளைக் கீழே போட்டாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"உங்களுக்கு வந்த முடிவு வேற ஒருத்தரோடது. உங்க இடது காது சரியில்ல. நான்தான் தப்புப் பண்ணேன். நீங்க இன்னிக்கு கிரேனுக்குக் கீழ நிக்காதீங்க."

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கையில் போர்வையோடு திரும்பிப் பார்த்தார். ஒருத்தருடைய காது விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. என் தொழில்நுட்பக் கோளாறு, என் சிரமம், என் வருத்தம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் கத்தியதில் எடுத்துவிடக்கூடிய வார்த்தை ஒன்றுகூட இல்லை என்று கவனித்தேன்.

மறுமுனையில் மௌனம். (என் வரைவிலும் இதே வார்த்தைகள்தான் இருந்தன. இது வேறு மௌனம். அது நீளமாக இருந்தது, பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.)

"மொத தடவையே கேட்டுச்சும்மா," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்புறம் ஏங்க..."

"திரும்பக் கேட்டா வேற ஏதாவது சொல்வீங்களோன்னுதான்."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். அவர் தொடர்ந்து பேசினார், நிதானமாக.

"பக்கத்துல தகுதின்னு வந்தப்ப நானே நம்பல. மூணு தடவ தட்டிப் பாத்தேன். மூணு தடவையும் அதேதான் வந்துச்சு. சரி, மிஷின் பொய் சொல்லாதுன்னு விட்டுட்டேன்."

"மிஷின் சொல்லலிங்க. நான்தான்."

"முனையத்துல நானே சொல்லிக்கறேன். நீங்க சொல்லிடாதீங்க. நீங்க முந்திக்கிட்டா நான் ஒளிச்சேன்னு ஆயிடும். பன்னெண்டு வருஷமா நிக்கறேன் அங்க."

"இன்னிக்கே சொல்வீங்களா?" என்று அக்கா கேட்டாள். தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டாள்.

பதில் வரவில்லை. இணைப்பு போய்விட்டது. அவர் அதைக் கேட்டுவிட்டுத் துண்டித்தாரா, கேட்காமலே பேச்சு முடிந்தது என்று வைத்துவிட்டாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது.

8

இப்போது மணி ஒன்று இருபத்திரண்டு. மேசையில் ஆறிப்போன இரண்டு டீ, நடுவில் கைபேசி. அதில் முனையத்தின் எண் போட்டாயிற்று, பச்சைப் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. நான் இந்தப் பகுதியைப் பழைய வரைவின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா திட்டவில்லை. எழுதாமல் நான் என்ன செய்துவிடப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"நீ என்னடா சொல்ற?" என்று கேட்டாள் சற்று முன்.

மூடியைத் திறக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று பதினாறு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். இதற்கு என்னிடம் வரி இல்லை. முனையத்துக்குப் பேசினால், பன்னிரண்டு வருடம் நின்ற இடத்தில் தானே போய்ச் சொல்கிறேன் என்ற அந்த ஒன்றையும் அவரிடமிருந்து பிடுங்கிவிடுவோம். பேசாவிட்டால், அவர் சொல்லாமலும் இருக்கலாம். உதட்டைப் பார்த்தே இத்தனை நாள் ஓட்டியவர், இன்று ஒரு நாள்தானே என்று நினைக்கலாம். முதல் தடவையே கேட்டது என்றார். அது நிஜமாகவும் இருக்கலாம், காது கேட்கிறது என்று காட்டுவதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத இனிமேல் எனக்குத் துணிச்சல் இல்லை.

எடுத்த எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டேன். முப்பத்தெட்டு வயது, இடது காது, கிரேனுக்குக் கீழே பன்னிரண்டு வருடம், மூன்று தடவை தட்டிப் பார்த்தவர். அவரை உங்களுக்கு இப்போது தெரியும். பேருந்திலிருந்து இறங்கி நுழைவாயிலை நோக்கி நடந்துகொண்டிருப்பார். அக்காவின் விரல் கைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மணி ஒன்று இருபத்தைந்து. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். 11.7-இன் முடிவை மட்டும் எடுத்து இவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதை நான் ஏற்கெனவே ஒரு தடவை செய்துவிட்டேன்.